முதல் வண்டி கிளாசிக் 350: எந்த மாற்றங்களை இப்போது செய்யலாம், எவற்றைத் தள்ளிப்போடலாம்?

பவானிக்கரை:

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம், வேலை கோவையில். சென்ற மாதம் முதன்முதலாக என் பெயரில் ஒரு வண்டி எடுத்தேன். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, இரு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக், இரட்டைச் சேனல் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது இரு சக்கரங்களும் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு), ஸ்போக் வீல். இதற்கு முன் நான் ஓட்டிப் பழகியது அப்பாவின் 100 சி.சி. வண்டி மட்டுமே. 500 கிலோமீட்டரில் செய்ய வேண்டிய முதல் சர்வீஸ் முடிந்துவிட்டது.

வண்டிக்குச் செய்ய வேண்டிய மாற்றங்களுக்கென்று 40,000 ரூபாய் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன். நண்பர்களின் வண்டிகளைப் பார்த்து நான் மனதில் வைத்திருப்பவை இவை: சத்தம் சற்றுக் கூடுதலாக வரும் சைலன்சர், அதற்கேற்ற ஏர் ஃபில்டர், பின் சக்கரத்துக்கு 140 அளவில் அகலமான டயர், உயரம் குறைந்த நேரான ஹேண்டில்பார், அதன் இரு முனைகளிலும் சிறிய வட்டக் கண்ணாடிகள், இரண்டு எல்.இ.டி. விளக்குகள், சாரி கார்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்க மட்கார்டைக் குட்டையாக்குவது.

வார நாட்களில் கோவை நகருக்குள் அலுவலகம் போய் வருவேன். மாதம் இருமுறையாவது அவிநாசி, நம்பியூர் வழியாக ஊருக்குப் போவேன். அந்தப் பயணம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவில்தான் அமைகிறது. ஊரில் இருக்கும்போது அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துப் பண்ணாரி அம்மன் கோயிலுக்கு அழைத்துச் செல்வது வழக்கம். என் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம். இவற்றில் எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பட்டறைக்காரர்:

வாழ்த்துகள் தம்பி. நான் கோவையில் இருசக்கர வாகனப் பட்டறை நடத்துகிறேன். நீங்கள் பட்டியலிட்டவற்றில் பாதியைப் பொருத்திக் கொடுத்தால் எனக்கு வருமானம்தான். இருந்தாலும் காரணம் கேட்டிருக்கிறீர்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

சைலன்சரிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் புதிதாக வண்டி எடுத்த எல்லோருக்கும் முதல் ஆசை அதுதான். உங்களுடையது 349 சி.சி. ஒற்றை சிலிண்டர் எஞ்சின். அதன் உச்ச சக்தி நிமிடத்துக்கு 6,100 சுற்றில் 20.2 குதிரைத்திறன், உச்ச இழுவிசை 4,000 சுற்றிலேயே 27 நியூட்டன் மீட்டர். வேகத்துக்காக அல்லாமல், குறைந்த சுற்றிலேயே நிதானமாக இழுக்கும்படி வடிவமைத்த எஞ்சின் இது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிகள் வந்த பின் விற்கப்படும் இத்தகைய வண்டிகளில், புகை வெளியேறும் குழாயில் ஒரு ஆக்சிஜன் சென்சாரும், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் இருக்கின்றன. சென்சார் சொல்லும் தகவலை வைத்துத்தான், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான ஈ.சி.யூ. பெட்ரோலின் அளவைக் கூட்டிக் குறைக்கிறது. ஆனால் அந்தத் திருத்தம் சீரான வேகத்தில் போகும்போதும் ஐட்லிங்கிலும்தான் முழுமையாக நடக்கும். ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகும்போது, தொழிற்சாலையில் எழுதிவைத்த கணக்குப்படியே பெட்ரோல் தெளிக்கப்படும். அந்தக் கணக்கு பழைய சைலன்சருக்கும் பழைய ஏர் ஃபில்டருக்கும் எழுதப்பட்டது. நீங்கள் இரண்டையும் திறந்துவிட்டால் காற்று கூடும், பெட்ரோல் அதற்கேற்பக் கூடாது. கலவை வறண்டு, எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் கேட்கும் படபட வெடிச்சத்தத்தைப் பலரும் கம்பீரம் என்று நினைக்கிறார்கள். சிலிண்டருக்குள் எரியாமல் வெளியேறிய பெட்ரோல் சூடான குழாய்க்குள் காற்றைச் சந்தித்து எரிவதுதான் அது.

இதற்கெல்லாம் ஈடாகச் சக்தி கூடுகிறதா என்றால், வெறும் சைலன்சர் மாற்றத்தால் ஓட்டுபவர் உணரக்கூடிய அளவுக்கு எதுவும் கூடுவதில்லை. குறைந்த சுற்றில் இருக்கும் இழுவை சற்றுக் குறைவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அந்த இழுவைதானே இந்த வண்டியின் உயிர்! மேலும், உங்களுக்கு 3 ஆண்டு அல்லது 30,000 கிலோமீட்டர் வாரன்டி இருக்கிறது. எஞ்சினில் கோளாறு என்று போய் நிற்கும்போது, சர்வீஸ் மையத்தில் முதலில் பார்ப்பது சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும்தான்.

அடுத்து டயர். உங்கள் வண்டியின் பின் டயர் 120/80-18. இதில் 120 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு உயரம் என்பது. 18 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். 140/70 அளவு டயருக்கு மூன்றரை அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள ரிம் வேண்டும். 120 டயருக்காக அமைந்த ஒடுக்கமான ரிம்மில் அதை ஏற்றினால், சிறிய செருப்பில் பெரிய பாதத்தைத் திணித்ததுபோல டயரின் இரு ஓரங்களும் உள்நோக்கி இழுபட்டு, நடுப்பகுதி மேடாகிவிடும். பின்னாலிருந்து பார்ப்பதற்கு அகலமாகத் தெரியும். ஆனால் சாலையைத் தொடும் பரப்பு எதிர்பார்த்தபடி கூடாது, வளைவில் வண்டி சாயத் தயங்கும், செயினுக்கும் டயருக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும். ரிம்மின் மேலேயே அதன் அகலம் பொறிக்கப்பட்டிருக்கும். துணியால் துடைத்துவிட்டு நீங்களே படித்துப் பாருங்கள். டயர் தேய்ந்த பிறகு, அதே அளவில் தரமான பிடிப்புள்ள டயராகப் போடுங்கள். அது மாற்றம் என்று வெளியே தெரியாது, மழை நாளில் உங்களுக்குத் தெரியும்.

விளக்குகளைப் பற்றி எனக்கு எதிர்ப்பில்லை, வயரிங்கைப் பற்றித்தான் கவலை. ஹெட்லைட் வயரை நடுவில் சீவி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிக் கொடுக்கும் வேலையைத் தயவுசெய்து எங்கும் செய்யாதீர்கள். மழைத் தண்ணீர் அந்த முடிச்சுக்குள் இறங்கிப் பச்சை பூத்த பிறகு, ஹாரன் முதல் ஸ்டார்ட்டர் வரை என்ன நின்றாலும் காரணம் கண்டுபிடிக்க அரை நாள் ஆகும். இரண்டு 20 வாட் விளக்குகள் சேர்ந்து ஏறக்குறைய மூன்றரை ஆம்பியர் மின்சாரம் எடுக்கும். பேட்டரியிலிருந்து தனி வயர், அதன் தொடக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ், நடுவில் ஒரு ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்ச்), ஹெட்லைட்டின் ஹை பீமோடு மட்டும் சேர்ந்து எரியும்படியான இணைப்பு என்று இருக்க வேண்டும். இப்படிச் செய்தால் லோ பீமுக்கு மாற்றியதுமே அவையும் அணைந்துவிடும். எதிரே வருபவர் கண் கூசாது.

மலைக்கோட்டை:

நான் திருச்சியில் மோட்டார் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் பணியில் இருக்கிறேன். எந்திரத்தைப் பற்றிப் பட்டறைக்காரர் ஐயா சொல்லிவிட்டதால், சட்டத்தையும் காப்பீட்டையும் மட்டும் எழுதுகிறேன்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. வாகனத்தின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் அந்தப் பிரிவு 'மாற்றம்' என்று விளக்குகிறது. ஆகவே சீட்டுக்கு உறை போடுவதையோ கைப்பிடி ரப்பரை மாற்றுவதையோ எண்ணி யாரும் அஞ்சத் தேவையில்லை. நிறம் ஆர்.சி.யில் உள்ள விவரம் என்பதால், பெயின்ட் நிறத்தை மாற்றுவதாக இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன் அனுமதி பெற்று ஆர்.சி.யிலும் பதிந்துகொள்ள வேண்டும். 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

சைலன்சருக்குத் தனிக் கணக்கு. 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு உற்பத்தியின்போதே 80 டெசிபல் என்ற வரம்பு இருக்கிறது. ஒலி, காற்று மாசு விதிகளை மீறினால் 190ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ விதிக்க முடியும். அதோடு மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமத்துக்கான தகுதியையும் இழக்க நேரும். உரிமம் கையில் இல்லாத மூன்று மாதங்களில் அலுவலகத்துக்கு எப்படிப் போவீர்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். சந்தையில் ஏதாவது ஓர் அந்நிய நாட்டு முத்திரையைக் காட்டி 'இது சட்டப்படியானது' என்று விற்கிறார்கள். அந்த முத்திரை நம் சாலைக்குப் பொருந்தாது.

காப்பீட்டில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கிடைத்துவிடுவதால் எல்லாமே ஐந்தாண்டுக்குக் கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் இருக்கும். உங்கள் பாலிசியை எடுத்து இரண்டு தேதிகளையும் பாருங்கள். பின்னால் சேர்க்கும் விளக்கு, கிராஷ் கார்டு, பெட்டி போன்றவற்றை நிறுவனத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்து, சிறிய கூடுதல் பிரீமியம் கட்டிப் பாலிசியில் சேர்க்கலாம். சேர்க்காவிட்டால் விபத்தில் அந்தப் பொருட்களுக்குப் பணம் வராது. அது சிறிய இழப்பு. பெரிய இழப்பு எப்போது வரும் என்றால், தெரிவிக்காத ஒரு மாற்றமே விபத்துக்கோ தீப்பற்றியதற்கோ காரணம் என்று, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் குறிப்பு எழுதும்போதுதான். வயரில் தீப்பிடித்த வண்டிகளின் கோப்புகளில் பின்னால் பொருத்திய விளக்குகளின் புகைப்படத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். பொருத்திய கடையின் ரசீது மட்டும் அவற்றில் இருப்பதில்லை. எதைப் பொருத்தினாலும் ரசீது வாங்கிவையுங்கள்.

கயல்:

தம்பி, உங்கள் பட்டியலில் என்னை உடனே பதில் எழுத வைத்தது சாரி கார்டைக் கழற்றும் எண்ணம்தான்.

பின்னால் உட்காரும் வசதியுள்ள மோட்டார் சைக்கிளில் கைப்பிடி, கால் வைக்கும் இடம், ஆடை சிக்காதபடி பின் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி சொல்கிறது. விதியை விடுங்கள்; அம்மா எப்படி உட்காருவார் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு கால்களையும் இடப்பக்கம் போட்டு, ஒரு கையால் உங்கள் தோளையோ கைப்பிடியையோ பிடித்து, மறு கையில் பூசைக் கூடையை வைத்திருப்பார். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாலும் 60 கிலோமீட்டர் வேகக் காற்றில் அது மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும். செயினும் ஸ்ப்ராக்கெட்டும் ஸ்போக் கம்பிகளும் அவர் காலுக்கு ஒரு சாண் தூரத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சேலை ஒருமுறை கம்பியில் பட்டால், இழுத்து நிறுத்த யாருக்கும் நேரம் இருக்காது. நான் சேலத்தில் பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தருகிறேன். பின்னால் உட்காருபவரின் துப்பட்டாவையும் சேலையையும் பார்த்த பிறகே வண்டியை எடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன். மட்கார்டைக் குட்டையாக்குவதும் இப்படித்தான்: மழையில் சாலைச் சேறு முழுவதும் அம்மாவின் முதுகிலும் பின்னால் வருபவர் முகத்திலும் தெறிக்கும். இந்த இரண்டையும் பட்டியலிலிருந்தே அடித்துவிடுங்கள்.

ஹேண்டில்பாரைப் பொறுத்தவரை, இந்த வண்டி 195 கிலோ எடை. அகலமும் உயரமும் உள்ள இப்போதைய ஹேண்டில்தான், காந்திபுரம் நெரிசலில் நடைவேகத்தில் திருப்பும்போது அந்த எடையை உங்கள் கைக்கு இலகுவாக்குகிறது. தாழ்ந்த நேரான பாரைப் போட்டால் உடல் எடை மணிக்கட்டில் இறங்கும். முழுதாகத் திருப்பும்போது கை டேங்கில் இடிக்கக்கூடும். ஆக்சிலரேட்டர் கேபிளும் பிரேக் குழாயும் அதிகமாக வளைந்துகொள்ளும். முனைக் கண்ணாடிகள் பார்க்க அழகு. ஆனால் அவை வண்டியின் அகலத்தை, இரு வாகனங்களுக்கு நடுவே நுழையும் இடத்தில்தான் கூட்டுகின்றன. அளவில் சிறியவை என்பதால் பின்னால் வரும் பேருந்து தெரியுமே தவிர, எவ்வளவு அருகில் வருகிறது என்பது தெரியாது.

அதற்குப் பதிலாக, பணம் செலவழிக்காமல் வண்டியை உங்கள் உடம்புக்குப் பொருத்திக்கொள்ள முடியும், இதைப் பெரும்பாலோர் செய்வதே இல்லை. கிளட்ச், பிரேக் லீவர்களின் பிடியைத் தளர்த்தி, சீட்டில் இயல்பாக உட்கார்ந்து விரல்களை நீட்டினால் மணிக்கட்டு மடங்காமல் முன்கையின் நேர்கோட்டிலேயே லீவர் வரும்படி சற்றுக் கீழே திருப்பி இறுக்குங்கள். கியர் லீவரின் உயரம் உங்கள் ஷூவின் கனத்துக்கு ஏற்றதா என்று பாருங்கள். செருப்போடு டெலிவரி எடுத்துவிட்டு ஷூவோடு ஓட்டுபவர்கள், கியர் சரியாக விழவில்லை என்று வண்டியைக் குறைசொல்வார்கள். சீட்டின் உயரம் 805 மில்லிமீட்டர். உங்கள் உயரத்துக்கு இரு முன்பாதங்களும் தரையில் ஊன்றும். ஊன்றவில்லை என்று தோன்றினால் உயரம் குறைந்த சீட்டு போடலாம், சஸ்பென்ஷனைத் தாழ்த்த வேண்டாம்.

பவானிக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி. சாரி கார்டையும் மட்கார்டையும் தொட மாட்டேன். ரிம்மைத் துடைத்துப் பார்த்தேன். ஐயா சொன்னபடி மூன்றரை அங்குலத்துக்குக் குறைவாகத்தான் பொறித்திருக்கிறது. 140 டயர் எண்ணத்தையும் விட்டுவிட்டேன்.

இன்னும் சில ஐயங்கள் இருக்கின்றன. சைலன்சர் மாற்றிய என் நண்பர்கள், சத்தம் கேட்டால்தான் மற்ற வண்டிக்காரர்கள் நம்மைக் கவனிப்பார்கள், அது பாதுகாப்பு என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறதா? இரண்டாவது, நம்பியூரைத் தாண்டியதும் பல இடங்களில் தெருவிளக்கே கிடையாது. சில நேரம் மாடுகளும் விளக்கில்லாத டிராக்டர்களும் குறுக்கே வருகின்றன. விளக்குகளை இப்போதே போடலாமா, காத்திருக்கலாமா? மூன்றாவது, அடுத்த மாதம் நண்பர்களோடு கொல்லிமலைக்கும், பிறகு திம்பம் வழியாகத் தாளவாடிக்கும் போகத் திட்டமிருக்கிறது. அதற்கு வண்டியில் என்ன சேர்க்க வேண்டும்?

நெடுஞ்சாலைவாசி:

மேலே எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் எல்லாவற்றையும் தள்ளிப்போடும்படி சொல்வது உங்கள் பயணத்துக்குப் பொருந்தாது. மாதம் இருமுறை இரவில் கிராமச் சாலையில் போகிறவருக்கு விளக்கு அலங்காரம் அல்ல. அதை இந்த மாதமே போடுங்கள். முடிந்தால் நிறுவனமே துணைக்கருவியாக விற்கும் விளக்குகளை, வயரை வெட்டாமல் பொருத்தும் முறையில், சர்வீஸ் மையத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் வாரன்டி பற்றிய பேச்சே எழாது. வெள்ளையைவிட மஞ்சள் விளக்கு மழையிலும் பனியிலும் என் கண்ணுக்கு இதமாக இருக்கிறது.

எஞ்சினைச் சுற்றிய கிராஷ் கார்டையும் உடனே போடலாம் என்பேன். புதியவர்கள் இந்த எடையுள்ள வண்டியைக் கீழே போடுவது வேகத்தில் அல்ல, நிறுத்தும் இடத்தில்தான். மணலில் ஸ்டாண்டு போடும்போதோ சரிவில் திருப்பும்போதோ சாய்ந்துவிடும். கார்டு இருந்தால் லீவரும் இண்டிகேட்டரும் டேங்கும் தப்பும், முக்கியமாகக் கணுக்கால் வண்டிக்கு அடியில் சிக்காது. வண்டி இரு பக்கமும் எவ்வளவு அகலமாகிவிட்டது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒன்றை யாரும் சொல்லவில்லை. உங்களுடையது ஸ்போக் வீல், அதில் இருப்பது டியூப் டயர். ஆணி ஏறினால் காற்று சட்டென்று இறங்கிவிடும். டியூப்லெஸ் போல வெளியிலிருந்து அடைத்துவிட்டுப் போக முடியாது, சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். அவிநாசிக்கும் கோபிக்கும் நடுவே இரவு பத்து மணிக்கு அது நடந்தால் என்ன செய்வீர்கள் என்று இப்போதே யோசியுங்கள். ஒரு மாற்று டியூப், கையளவுள்ள காற்று பம்பு, வழியில் உள்ள பஞ்சர் கடைகளின் எண்கள் ஆகியவை வண்டியிலேயே இருக்கட்டும். இந்த வண்டியில் பெரிய தொகை செலவழித்துச் செய்யத் தகுந்த மாற்றம் எது என்று கேட்டால், நிறுவனத்தின் அலாய் வீலும் டியூப்லெஸ் டயரும்தான் என்பேன். அதையும் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்.

பட்டறைக்காரர்:

நெடுஞ்சாலைவாசி சொன்னது நியாயம்தான்; இரவுப் பயணம் அத்தனை வழக்கமானது என்றால் விளக்கு முன்னால் வரட்டும்.

சத்தம் பாதுகாப்பு தரும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. சைலன்சர் பின்னோக்கி இருக்கிறது. உங்களுக்கு ஆபத்து பெரும்பாலும் முன்னாலிருந்தும் குறுக்கிலிருந்தும் வருகிறது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஏ.சி.யில் போகும் கார்க்காரருக்கு உங்கள் சத்தம் கேட்கும்போது நீங்கள் ஏற்கெனவே அவர் பக்கத்தில் இருப்பீர்கள். கேட்பது யார் என்றால், நீங்கள் கடந்துபோன வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையும் நோயாளியும்தான். இதில் எனக்குச் சற்றுக் கோபமே உண்டு, மன்னிக்கவும்.

40,000 ரூபாயை நான் எப்படிச் செலவழிப்பேன் என்று சொல்கிறேன். முதலில் தலைக்கு ஏற்ற அளவில் ஒரு நல்ல முழுமுக ஹெல்மெட் உங்களுக்கு, எடை குறைந்த ஒன்று அம்மாவுக்கு, இரண்டிலும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். கன்னத்தை அழுத்திப் பிடித்து, தலையை ஆட்டினால் தனியாகச் சுழலாமல் இருப்பதுதான் சரியான அளவு. கடையில் பத்து நிமிடமாவது அணிந்தே நில்லுங்கள். பிறகு உள்ளங்கையில் கனமான தடுப்புள்ள கையுறை, கணுக்காலை மூடும் ஷூ, தோளிலும் முழங்கையிலும் காப்புத் தகடு வைத்த வலைத்துணி ஜாக்கெட். அதன் பின் விளக்கு, கிராஷ் கார்டு, டியூப், பம்பு. மீதி இருந்தால் அது வரும் சர்வீஸ்களுக்கும் டயருக்கும்.

மலைக்கு வண்டியில் சேர்க்க ஒன்றுமில்லை. உங்கள் கையில்தான் சேர்க்க வேண்டும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், திம்பத்தில் 27. உரிமத்துக்கு எட்டு போட்டபோது வேகம் இல்லை, எடையும் இல்லை. இப்போது ஞாயிறு காலை, ஆளில்லாத அகலமான இடத்தில், 30 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, முன் பிரேக்கைச் சட்டென்று கவ்வாமல் படிப்படியாக இறுக்கி, பின் பிரேக்கையும் சேர்த்து நிறுத்திப் பழகுங்கள். பழகிய பின் 60 வரை போகலாம். ஒரு கட்டத்தில் லீவரில் ஏ.பி.எஸ்ஸின் துடிப்பு தெரியும். அந்தத் துடிப்பில் பயந்து கையை எடுத்துவிடக் கூடாது என்பதைப் பழக்கத்தால்தான் கற்க முடியும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆபத்தைக் கண்டு கை லீவருக்குப் போக ஒரு நொடி ஆனால், அதற்குள் 17 மீட்டர் கடந்திருப்பீர்கள். காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் அதன் பின் ஏறக்குறைய 20 மீட்டர் வேண்டும். 80இல் இந்த இரண்டும் சேர்ந்து 58 மீட்டருக்கு அருகில் வந்துவிடுகிறது. விளக்கில்லாத டிராக்டரை நீங்கள் எத்தனை மீட்டரில் பார்க்கிறீர்கள் என்பதோடு இதை ஒப்பிட்டு, நம்பியூர்ச் சாலையில் உங்கள் வேகத்தை முடிவுசெய்யுங்கள்.

மலையில் இறங்கும்போது இரண்டாம் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை மாற்றி முடித்துவிட்டு, வளைவு முடியும் இடத்தைப் பார்த்தபடி திருப்புங்கள். திம்பத்தில் நீளமான லாரிகள் திரும்பச் சாலை முழுவதும் தேவைப்படும். மேலே ஒன்று திரும்புவதைக் கண்டால் கீழேயே ஓரமாக நின்று வழிவிடுங்கள்.

கடைசியாக, அம்மாவை ஏற்றும் நாளுக்கு ஒரு வேலை. பின்பக்க ஷாக் அப்சார்பர்களின் ஸ்பிரிங்கை ஆறு படிகளில் கூட்டிக் குறைக்கலாம். தனியாக ஓட்டும்போது வைத்திருக்கும் படியிலிருந்து இரண்டு படி கூட்டிப் பாருங்கள்; இருபுறமும் ஒரே படியில் இருக்க வேண்டும். கூட்டாவிட்டால் பின்பகுதி அமுங்கி, ஹெட்லைட் வெளிச்சம் மேலே தூக்கிக்கொள்ளும். இரவில் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, நீங்கள் மட்டும் உட்கார்ந்து லோ பீமின் மேல்விளிம்பைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, பிறகு அம்மாவையும் ஏற்றிக்கொண்டு பாருங்கள். கோடு மேலே ஏறியிருந்தால் இன்னொரு படி கூட்டுங்கள். பின் டயரின் காற்றையும் இருவருக்கான அளவுக்குக் கையேட்டைப் பார்த்து ஏற்றிக்கொள்ளுங்கள். டயர் சூடாவதற்கு முன், வீட்டிலிருந்து கிளம்பியதும் வரும் முதல் பெட்ரோல் பங்கிலேயே காற்றுப் பிடிப்பது நல்லது.